நியூயார்க்கின் நிலத்தடி நீராவி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதிக்குச் செல்வோர், சாலை நடுவே ஆரஞ்சும் வெள்ளையும் பூசிய உயர்ந்த குழாய்கள் வெண்புகை கக்கக் காண்பர். கீழே தீப்பற்றியதோ என ஐயுறுவாரும் உண்டு. அது புகையன்று, நீராவி. பல வேளைகளில் அது குழாயிலிருந்து ஒழுகியதுமன்று. மழைநீரோ வேறு நீரோ சூடான குழாயின் மேல் பட்டு ஆவியாகி எழுவதே.

அச்சாலைகளின் அடியில் நூறு மைலுக்கு மேல் நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. தீவின் தென்முனையில் தொடங்கி, மேற்கே 96-ஆம் தெருவரையும் கிழக்கே 89-ஆம் தெருவரையும் அவை செல்கின்றன. எம்பயர் ஸ்டேட் மாளிகை உட்பட ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் அவற்றால் பயன் பெறுகின்றன. பெர்ட்சில் ஹாலி என்பார் லாக்போர்ட் என்னும் ஊரில் 1877-இல் முதன்முதல் நடத்திக் காட்டிய முறை இது. நியூயார்க்கில் 1882 மார்ச் 3-இல் தொடங்கிற்று. எடிசனின் மின்நிலையம் அந்நகரில் வேலை தொடங்கியதே அவ்வாண்டு செப்டம்பரில்தான்! இதனால் கட்டடந்தோறும் கொதிகலனும் கரியும் புகைபோக்கியும் வேண்டாதனவாயின. இன்று அந்த ஆவியில் ஒரு பகுதி, மின்சாரம் உண்டாக்கும் நிலையங்களிலேயே அதனுடன் சேர்த்து ஆக்கப்படுகிறது.

வெந்நீரை அனுப்பாமல் ஆவியை அனுப்புவானேன்? ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி போதும். அக்கொதிநீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். இவ்வளவையும் ஆவி தன்னுள் மறைத்துச் செல்கிறது. ஆசிரியர்கள் உள்ளுறை வெப்பம் என்று கற்பிப்பது இதையே. அறையிலுள்ள இரும்புக் கலத்துள் அந்த ஆவி மீண்டும் நீராகும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதும் வெளிப்பட்டு அறையைச் சூடாக்குகிறது. அவ்வாறு எஞ்சிய நீரைப் பெரும்பாலும் ஆற வைத்துச் சாக்கடையில் விட்டுவிடுகின்றனர். இம்முறையின் குறைகளுள் இதுவும் ஒன்றே.

கோடையில் இதே ஆவி கட்டடத்தைக் குளிர்விக்கவும் செய்கிறது என்றால் மாணாக்கர் நகைப்பர். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கொண்டுபோவதால் உள்ளே நீர் குளிர்கிறதன்றோ? இங்கும் அதுவே நிகழ்கிறது. காற்றை ஏறக்குறைய முற்றும் நீக்கிய மூடிய கலத்தில், நீர் 5 டிகிரி அளவிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அக்கலத்தினூடே செல்லும் குழாய்நீரிடமிருந்து அது பறித்துக்கொள்கிறது. குளிர்ந்த அக்குழாய்நீரே மாடிகளுக்குச் சென்று அறைக்காற்றைக் குளிர்விக்கிறது.

ஆனால் எழுந்த ஆவி கலத்தினுள் தேங்கினால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடும். அதை உறிஞ்சவே லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் சாடியிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவதைக் காணாத வீடில்லை. இவ்வுப்பின் தாகமோ மிகக் கொடிது. எனினும் நீரை மேன்மேலும் உண்டபின் அத்தாகமும் தணிந்துவிடும். அப்பொழுதுதான் தெருவின் நீராவி உதவிக்கு வருகிறது. அது கரைசலைச் சூடாக்கி, உண்ட நீரை வெளியேற்றி, உப்பின் தாகத்தை மீட்டுத் தருகிறது. வெளியேறிய நீராவி வேறொரு கலத்தில் குளிர்ந்து நீராகி, முதற்கலத்துக்கே திரும்புகிறது. ஆகவே நீராவி நேரே குளிர்விப்பதில்லை. குளிர்விக்கும் நீரைக் கொதிக்க வைத்துக்கொண்டேயிருக்கும் உப்பை உலர்த்துகிறது. ஆவியால் சுழலியை ஓட்டிக் குளிர்பொறியை இயக்குவதும் உண்டு.

ஆவி நீராவது அறையில் நன்மை; தெருக்குழாயில் நேர்ந்தாலோ ஆபத்து. குழாயினுள் தேங்கும் நீரை மட்டும் வெளிவிட்டு ஆவியைத் தடுக்கும் வடிகருவிகள் ஆங்காங்கே உள்ளன. அவை அடைபட்டால் நீர் பெருகும். குளிர்ந்த அந்நீரிடையே அகப்பட்ட ஆவி நொடியில் சுருங்கி மறையும். மறைந்த இடத்தை நிரப்பப் பாயும் நீர் சம்மட்டிபோல் இரும்பை அறையும். 2007 ஜூலை 18-இல் லெக்சிங்டன் நிழற்சாலையும் 41-ஆம் தெருவும் கூடுமிடத்தில் நிகழ்ந்தது இதுவே. 1924-இல் பதித்த குழாய் வெடித்துச் சாலை பிளந்தது. சேறும் ஆவியும் கட்டடங்களுக்கு மேல் எழுந்தன. ஒரு பாரவண்டி பள்ளத்தில் விழுந்தது. மாரடைப்பால் ஒருவர் இறந்தார். நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பழைய குழாய்களைச் சுற்றிக் கல்நார் பொதிந்திருந்தமையால் சுற்றுத் தெருக்களையும் மூடவேண்டியதாயிற்று. அன்று காலை பெய்த பெருமழையால் குழாய் குளிர்ந்து உள்ளே நீர் மிகுந்திருந்தது. அதை வெளிவிட வேண்டிய வடிகருவிகளிலோ, முன்னர் ஓர் ஒழுகலை அடைக்கச் செலுத்திய பிசினின் துணுக்குகள் சிக்கிக் கிடந்தன.