கும்பலின் கணக்கு நோட்டு

அமெரிக்கப் படங்களில் போதைப்பொருள் விற்பவன் என்றால் கழுத்து நிறையச் சங்கிலியும் பை நிறையப் பணமுமாகத்தான் வருவான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கிராக் என்ற போதைப்பொருளை விற்ற ஒரு கும்பலின் கணக்கு நோட்டு வேறு கதை சொல்கிறது. கும்பலின் பொருளாளரே நான்கு ஆண்டுகள் எழுதிவந்த வரவு செலவு அது. சென்னையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷ் கையில் அது கிடைத்தது. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டும் அவரும் அதை அலசி 2000-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள்.

இறைச்சிக்கூடத்திலும் எஃகு ஆலையிலும் வேலை கிடைக்கும் என்று தென்மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களின் பகுதி, சிகாகோவின் தெற்கு. இறைச்சிக்கூடங்கள் 1971-க்குள் மூடப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியது ராபர்ட் டெய்லர் குடியிருப்பு: 16 மாடிக் கட்டடங்கள் 28. வேலையில்லாத இளைஞர்களின் தெருக் கும்பல்கள் அங்கே முன்பே இருந்தன. 1980களில் கிராக் வந்தது. சில டாலருக்கே ஒரு பொட்டலம் என்பதால் ஏழைத் தெருவிலேயே அதற்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சண்டைக்காகச் சேர்ந்த கும்பல் கடையாக மாறியது.

கடையின் அமைப்பு கறாரானது. உச்சியில் சுமார் இருபது பேர் கொண்ட நிர்வாகக் குழு. அதன் கீழே நூறு கிளைகள் வரை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தலைவன். அவனுக்குக் கீழே பொருளாளர், சரக்கு கொண்டுவருபவர், அடிதடிக்குப் பொறுப்பாளர். கடைசியில், தெருமுனையில் நின்று விற்கும் பையன்கள். நோட்டின்படி ஒரு கிளையின் மாத வரவு 32,000 டாலர். சரக்குக்கு 5,000, மேலிடத்துக்குக் கப்பம் இன்னொரு 5,000. ஆயுதம், கூலிக்கு வரும் அடியாட்கள், இறந்தவர்களின் ஈமச்செலவு, குடும்பத்துக்குத் தரும் உதவிப்பணம் எல்லாம் போகத் தலைவனுக்கு 8,500. தெருமுனைப் பையன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்தே 7,400தான்! ஆளுக்கு மணிக்குச் சுமார் 3.30 டாலர், சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலிகூட இல்லை. பலர் அம்மா வீட்டிலேயே இருந்தார்கள், பகலில் வேறு வேலைக்கும் போனார்கள்.

அந்தக் கூலிக்கு அவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. நான்கு ஆண்டுகள் கும்பலில் இருந்தவன் சராசரியாக ஆறு முறை கைதானான், இரண்டு முறைக்கு மேல் காயம்பட்டான். நான்கில் ஒருவன் செத்தான்.

பின்னே ஏன் நின்றார்கள்? அக்கம்பக்கத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வசதியான ஆள் அந்தத் தலைவன்தான். அவன் இடத்தைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையில் அடிமட்டக் கூலியைச் சகித்தார்கள். பெயர் எடுக்கத் துப்பாக்கி தூக்கினார்கள். தலைவர்களுக்கோ துப்பாக்கிச் சத்தம் பிடிக்காது. சுட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், அன்றைய விற்பனை படுத்துவிடும். பையன்களை அடக்கிவைப்பதே அவர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

1990களில் பெரிய தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 2007-க்குள் ராபர்ட் டெய்லர் கட்டடங்கள் முழுவதும் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் நகரெங்கும் சிதறின, கும்பல்களும் தெருவுக்கு ஒன்றாக உடைந்தன. இந்தச் சிறு கும்பல்களில் பலவற்றுக்கு மேலே நிர்வாகக் குழு கிடையாது. பழைய சண்டை ஒன்றில் பழிதீர்க்கக் கிளம்பும் பதினேழு வயதுப் பையனிடம், வியாபாரம் கெடும், சுடாதே என்று சொல்லவும் ஆள் இல்லை.