எண்ணும் இருப்பிடமும்

அறந்தாங்கியின் அஞ்சல் குறியீடு 614616. இதன் முன்னிலக்கங்கள் மூன்றும் வட்டாரத்தையும், பின்னிலக்கங்கள் மூன்றும் அஞ்சலகத்தையும் சுட்டுவன. கணிப்பொறியின் ஐ.பி. முகவரியும் இவ்வாறே இரு கூறுடையது. அக்கூறுகளின் எல்லையை வகுப்பது சப்நெட் மாஸ்க்.

பள்ளியொன்றில் அலுவலகக் கணிப்பொறிகள் 192.168.1 என்றும், ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிகள் 192.168.2 என்றும் தொடங்குவதாகக் கொள்வோம். மாஸ்க் 255.255.255.0 எனில், இவை வேறுவேறு தெருக்களாம். இடையே செய்தியைக் கொண்டு சேர்ப்பது ரவுட்டர். ஒரு கணிப்பொறியில் மட்டும் மாஸ்க் 255.255.0.0 எனப் பிறழ்ந்துவிடின், அது அயல்தெருவைத் தன் தெருவென்றெண்ணிச் செய்தியை ரவுட்டரிடம் ஒப்படைக்காது. முகவரி 169.254 எனத் தொடங்கின், எண் வழங்கும் கருவியை அது அடையவில்லை என்பது பொருள்.

ஆதலின், பழுதற்ற பொறியைப் பழுதென்று ஒதுக்கிப் பள்ளியின் பொருளை வீணாக்குமுன், முகவரி, மாஸ்க், ரவுட்டரின் எண் ஆகிய மூன்றனையும் ஒப்பு நோக்குதல் அறிவுடைமையாகும்.