வயிற்றுப் பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடன்

கர்ப்பிணியை 'ஈருயிர்க்காரி' என்பார்கள் நம் பாட்டிமார். அந்த இரண்டாவது உயிரைச் சட்டம் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது? தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்துபோனால், அப்போது வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே பங்கு உண்டு. ஆனால் அது உயிரோடு பிறந்தால்தான்.

கருக்கலைப்பில்தான் சிக்கல். 1971-இல் வந்த சட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். 24 வாரம் வரை சில பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்றால், சிசுவுக்குப் பெரிய குறை இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். அல்லது தாயின் உயிருக்கே ஆபத்து இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும். புருஷன் கையெழுத்து தேவையில்லை!

2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு வந்தவர். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இரு பெண் நீதிபதிகள் 9-ஆம் தேதி கலைக்க அனுமதித்தார்கள். சிசு பிழைக்கக்கூடியது என்று டில்லி எய்ம்ஸ் டாக்டர் தெரிவிக்கவே, 11-ஆம் தேதி அவர்களே ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மனசாட்சி ஒப்பவில்லை என்றார் ஹிமா கோலி. தாயின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் பி.வி. நாகரத்னா. 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள், 26 வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, சிசுவுக்கும் குறையில்லை என்று மறுத்துவிட்டார்கள். பிரசவச் செலவு அரசாங்கத்தினுடையது. தத்துக் கொடுப்பது பெற்றோர் இஷ்டம் என்றார்கள்.

எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்றார் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். 1797-இல் இன்னொன்றும் எழுதினார்: சம்மதம் கேட்காமல் ஒரு ஜீவனை உலகுக்குக் கொண்டுவருகிறோம், அது திருப்தியாக வாழும்படி செய்வது பெற்றவர்கள் கடமை. முதல் விதியைச் சிசுவுக்காகவும் சொல்லலாம், தாய்க்காகவும் சொல்லலாம். சங்கடமே அங்கேதான்!

என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். வாரம் ஏற ஏற சிசுவிடம் நமக்குள்ள கடமையும் ஏறத்தான் செய்கிறது. அதற்காகத் தாயை வெறும் தொட்டிலாக நினைத்துவிடக் கூடாது. "பெத்துப் போடு" என்று சொல்கிற மாமியார், புருஷன், அரசாங்கம் எல்லோருக்கும் பெற்ற பிறகும் பொறுப்பு உண்டு.

இளம் தாய்மார்களே! பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம்ப மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுகை அழுகையாக வந்தால், 'எல்லாருக்கும் வர்றதுதானே'ன்னு விட்டுடாதீங்க.