வீட்டிலே ஒரு பங்குக் கிணறு

மாலை வேளையிலே வீட்டு விறாந்தையில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் கூடியிருந்த காலம் ஒன்று உண்டு. 1925ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதன் பின்னர் முதலில் ஊருக்கு ஒன்றாகவும், பிற்பாடு தெருவுக்கு ஒன்றாகவும், கடைசியில் வீட்டுக்கு ஒன்றாகவும் அப்பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி ஒன்று, கேட்போர் பலர். இன்றோ நிலைமை தலைகீழாகி விட்டது. ஐந்து பேர் வாழும் வீட்டிலே ஏழெட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி என்று அவை பல உருவம் எடுத்திருக்கின்றன. பெட்டிகள் பல, ஒவ்வொன்றுக்கும் கேட்போர் ஒருவர்.

இதனாலே குடும்ப ஒற்றுமை குன்றிவிட்டது என்று பெருமூச்சு விடுவது நமது நோக்கமன்று. நாம் ஈண்டு கூற வந்தது வேறொரு சங்கதி.

உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாச்சி பாடிய தாலாட்டு மூத்த மகனுடைய பழைய தொலைபேசியில் இருக்கிறது. அத்தொலைபேசி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதன் மின்கலம் செத்துவிட்டது. அக்காவின் கல்யாணப் படம் இறுவட்டிலே இருக்கிறது. இறுவட்டை ஓட்டும் கருவி இப்போது வீட்டிலே இல்லை. அப்பப்பா, கடல் கடந்து போன மகனுக்கென்று பேசிப் பதிந்த ஒலிநாடா அலுமாரியின் அடித்தட்டில் உறங்குகிறது. தம்பி முதன்முதலாக அடியெடுத்து வைத்த காட்சி அம்மாவின் தொலைபேசியில் மாத்திரம் உண்டு. இடம் போதாது என்று அத்தொலைபேசி நாள்தோறும் முறையிடுகிறது. ஒருநாள் அவசரத்திலே எதையோ அழிக்கப்போய் அதனையும் அழித்துவிட்டால் என் செய்வது? எல்லாம் வீட்டிலேதான் இருக்கின்றன. ஆயினும் வேண்டும்போது ஒன்றையேனும் எடுத்துப் பார்க்க முடிவதில்லை.

இத்தகைய கஷ்டத்துக்கு ஒரு பழைய பரிகாரம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஆளுக்கொரு கிணறு வெட்ட வசதியில்லாத இடத்திலே, ஒரு கிணற்றைப் பலர் பங்காக வைத்துக்கொண்டனர். கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் காணி உறுதியிலே எழுதப்பட்டன. நீர் ஓரிடத்தில் இருந்தது. வாய்க்கால் பல தோட்டங்களுக்கும் ஓடியது. இன்றைய வீட்டிலே அத்தகைய பங்குக் கிணறு ஒன்றை அமைக்கலாம். அதற்குச் சேவையகம் என்று பெயர். குடும்பத்தின் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் ஒரு கணினியிலே சேமித்து வைத்து, வீட்டிலுள்ள எந்தக் கருவியிலிருந்தும் அவற்றைக் கேட்கவும் பார்க்கவும் செய்வதே அதன் வேலை. கிணற்று நீர் இறைக்க இறைக்கக் குறையும். இக்கிணறோ எத்தனை பேர் இறைத்தாலும் குறையாது.

மாணவர் கண்ட வழி

இம்முறை வளர்ந்த வரலாற்றிலே மாணவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை இளம் வாசகர்கள் அறிதல் நன்று. 1996ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்து எக்கோல் சென்றல் பரீஸ் என்னும் பொறியியற் கல்லூரி மாணவர் தம் விடுதியிலிருந்த மந்தமான கணினி வலையமைப்பினால் அலுத்துப் போயிருந்தனர். வேகமான வலையமைப்பு வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டுமன்றோ? ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு செய்மதித் தட்டு வைப்பதற்குப் பதிலாக, ஒரே இடத்தில் தொலைக்காட்சியைப் பெற்று, வலையமைப்பு வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பலாம் என்று அவர்கள் திட்டமிட்டனர். அனுப்புவதற்கு ஒரு நிரல், பெற்றுக் காட்டுவதற்கு மற்றொரு நிரல் என இரண்டை எழுதினர். காட்டும் நிரலே இன்று உலகெங்கும் வழங்கும் வி.எல்.சி. ஆகும். 2001ஆம் ஆண்டிலே கல்லூரி அதனை யாவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் அனுமதி அளித்தது. அதன் அடையாளமாகிய செம்மஞ்சள் நிறக் கூம்பு, அம்மாணவர் தெருவிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்த போக்குவரத்துக் கூம்புகளின் ஞாபகமாக வந்ததாம்!

வீட்டுச் சாதனங்களுக்கோ வேறொரு சிக்கல் இருந்தது. ஒரு கம்பனி செய்த தொலைக்காட்சிக்கு மற்றொரு கம்பனி செய்த கணினியின் பேச்சு விளங்கவில்லை. ஆதலால் 2003ஆம் ஆண்டிலே பல கம்பனிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்துப் பொது ஒழுங்கு ஒன்றை வகுத்தன. டி.எல்.என்.ஏ. என்று அதனை அழைப்பர். அச்சங்கம் 2017ஆம் ஆண்டிலே கலைந்துவிட்டது. ஆயினும் அது வகுத்த ஒழுங்கின்படி பேசும் தொலைக்காட்சிகளும் ஒலிபெருக்கிகளும் இன்றும் வீடுகளிலே இருக்கின்றன.

எவ்வாறு இயங்குகிறது?

இந்த ஒழுங்கிலே மூன்று பாத்திரங்கள் உண்டு. கோப்புகளை வைத்திருந்து கொடுப்பது ஒன்று. வாங்கிக் காட்டுவது ஒன்று. இன்னதைக் காட்டு என்று ஏவுவது ஒன்று. கணினி முதலாவதாகவும், தொலைக்காட்சி இரண்டாவதாகவும், நமது கைத்தொலைபேசி மூன்றாவதாகவும் அமையலாம். தொலைக்காட்சியே ஏவலையும் தானே செய்துகொள்வதும் உண்டு.

சேவையகம் விழித்தெழுந்தவுடன், “நான் இங்கே இருக்கிறேன்” என்று வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் அறிவிக்கிறது. புதிதாக வந்து சேரும் கருவி, “கொடுப்பவர் எவரேனும் உண்டா?” என்று வினவுகிறது. விடை கிடைத்ததும் பட்டியல் கேட்கிறது. நாம் ஒன்றைத் தெரிந்தெடுத்தால், அக்கோப்பு துண்டு துண்டாக வரத் தொடங்குகிறது. முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து பார்க்க விரும்பினால், நடுவிலுள்ள துண்டைக் கேட்டுப் பெறுகிறது. இதனாலேதான் அப்பாச்சி கல்யாணப் படத்தின் தொடக்கத்தை விறாந்தையிலும், பேத்தி அதே படத்தின் முடிவை அறையிலும் ஒரே நேரத்திலே பார்க்க இயலுகிறது. வானொலிக்கு இல்லாத வசதி இது. தொலைபேசியிலிருந்து இவ்வாறு ஏவும்போது படம் அத்தொலைபேசி வழியாகச் செல்வதில்லை. சேவையகத்திலிருந்து நேரே தொலைக்காட்சிக்குப் போகிறது.

இவையெல்லாம் வீட்டு எல்லைக்குள்ளேயே நடைபெறுவன. ஆதலால் இணையம் அறுந்திருந்தாலும் தடையில்லை. டேட்டாவுக்குக் காசும் செலவாகாது. றூட்டருக்கும் கணினிக்கும் மின்சாரம் இருந்தாற் போதும்.

பாஷையும் வாய்க்காலும்

சில வேளைகளிலே பட்டியலில் படத்தின் பெயர் தோன்றும். ஆனால் திரையில் படம் தோன்றாது. பழுது என்று எண்ணிப் பலர் முயற்சியைக் கைவிடுவது இவ்விடத்திலேதான். உண்மையில் இது பாஷைச் சிக்கல். காணொளிகளைச் சுருக்கி எழுதும் முறைகள் பல. எச்.264 என்னும் முறை 2003ஆம் ஆண்டிலும், எச்.265 என்னும் முறை 2013ஆம் ஆண்டிலும் வந்தன. புதிய தொலைபேசி பிந்திய முறையில் எழுதிய படத்தைப் பழைய தொலைக்காட்சியால் வாசிக்க முடியாமற் போகலாம். அப்போது சில சேவையகங்கள் மொழிபெயர்ப்பாளரைப் போல உடனுக்குடன் மாற்றி எழுதிக் கொடுக்கும். இது கணினிக்குக் கடும் வேலை. அடிக்கடி பார்க்கும் படங்களுக்கு எச்.264 முறையிலே ஒரு பிரதி முன்கூட்டியே செய்து வைத்தால், சாதாரண கணினியே போதும். ஆனால் மூலப் பிரதியை ஒருபோதும் அழித்தலாகாது.

இனி, வாய்க்காலின் அகலம். மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். எட்டுப் பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. தொலைபேசியில் எடுத்த தெளிவான காணொளி ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைற்று எனின், விநாடிக்கு 8 மெகாபிற்று. ஐவர் ஐந்து படங்களை ஒருங்கே பார்த்தால் 40. விநாடிக்கு 100 மெகாபிற்று கொண்டுசெல்லும் பழைய கம்பி வலையமைப்புக்கும் இது சுமையன்று. 4கே என்னும் உயர்ந்த தரமாயின் சுமை ஏறத்தாழ மும்மடங்காகி, அதே ஐவருக்கு அந்தக் கம்பி போதாமற் போகும். கம்பியில்லா வைஃபையிலே இன்னொரு தடையும் உண்டு. வேகமான 5 கிகாஹேட்ஸ் அலை கற்சுவரைக் கடந்து செல்வதிலே பின்தங்கியது. ஆகையால் சேவையகத்தை மாத்திரமாவது கம்பியினால் றூட்டருடன் இணைத்துவிடுதல் நலம்.

வேண்டிய பொருள்கள்

இதற்கெனப் பெரும் பொருள் செலவிட வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியும் ஒரு வன்தட்டும் தொடக்கத்துக்குப் போதும். 2012ஆம் ஆண்டிலே வெளிவந்த றாஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவான கணினியையும் பலர் இதற்கு உபயோகிக்கின்றனர். மினிடி.எல்.என்.ஏ. என்னும் சிறிய நிரல் கோப்புகளைப் பட்டியலிட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடும். 2018ஆம் ஆண்டிலே தோன்றிய ஜெலிஃபின் என்னும் இலவச நிரல் பாஷை மாற்றத்தையும் செய்யும். வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும். சிறுவர் பார்க்கத் தகாதவற்றை மறைத்தும் வைக்கும்.

பழைய ஒலிநாடாவை மாற்றுவதற்குப் பொறுமை ஒன்றே மூலதனம். 90 நிமிட நாடா 90 நிமிடம் ஓடியே தீரவேண்டும். இறுவட்டின் தரத்திலே ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 மெகாபைற்று இடம் பிடிக்கும். ஃபிளாக் என்னும் முறையிலே சுருக்கினால், ஒலியில் எவ்வித இழப்புமின்றி இன்னும் குறையும். சுருக்காமல் வைத்தாலுங்கூட ஒரு டெராபைற்று வன்தட்டிலே 1,500 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சு அடங்கும். ஒரு குடும்பத்தின் நாடாக்கள் அனைத்தும் அதன் மூலையொன்றில் அடங்கிவிடும் அன்றோ?

மூன்று எச்சரிக்கைகள்

கிணறு ஒன்றானால் அது வற்றும் நாளிலே எல்லோருக்கும் தாகம். எல்லாவற்றையும் ஒரே வன்தட்டில் சேர்த்துவிட்டுப் பழையவற்றை எறிந்துவிடுவது பெருந்தவறு; வன்தட்டு என்றோ ஒருநாள் பழுதாகும். அறிந்தோர் கூறும் விதி இது: பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களிலே, அவற்றுள் ஒன்று வேறோர் இடத்திலே. உறவினர் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்றோவிலும் பரந்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த வேறோர் இடத்தைத் தேடுவது கடினமன்று. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அந்தப் பாடத்தை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மின்சாரம். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை எவரும் மறந்திரார். வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திடீரென நின்றால் கோப்புகள் சிதையலாம். யூ.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி ஒன்று, கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தரும்.

மூன்றாவது, படலை. டி.எல்.என்.ஏ. முறை கடவுச்சொல் கேட்பதில்லை. வீட்டு வைஃபையில் சேர்ந்தவர் எவரும் பட்டியலைக் காணலாம். ஆகவே வருவோர் போவோருக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாக வையுங்கள். வங்கிக் கடிதங்களையும் அந்தரங்கப் படங்களையும் பங்குக் கோப்புறையில் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்னும் ஆசையினால் றூட்டரின் வாசலை உலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

பெயரிடுதலே பெரும்பணி

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது ஒன்று. அதனைக் கணினி செய்யாது. “வி.ஐ.டி. 0047” என்று பெயரிட்ட கோப்பைப் பத்தாண்டுகளின் பின் எவர் திறந்து பார்ப்பார்? பேசுபவர் யார், இடம் எது, ஆண்டு எது என்பவற்றைக் கோப்பின் பெயராகவே எழுதிவிடுங்கள். அதனைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரே. அவருடைய ஞாபகத்துக்கு மறுபிரதி கிடையாது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலே அப்பாச்சியைத் தொலைக்காட்சியின் முன்னே நாற்காலியில் அமர்த்துங்கள். சின்னத் திரையிலே கண்களைச் சுருக்கிப் பார்த்த முகங்களை அவர் பெரிய திரையிலே காணட்டும். பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு படமாகக் காட்டி, “இது ஆர், அப்பாச்சி?” என்று கேட்கட்டும், ஒருவர் பக்கத்திலிருந்து எழுதட்டும். அவர் பெயர் சொல்லும் அந்தக் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். மறுநாளே இரண்டாவது வன்தட்டிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.