மனச்சோர்வை ஸ்கேன் காட்டுமா?

மூளையின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெண்பொருள்தான். நரம்பு செல்களிலிருந்து நீளும் இழைகளும் அவற்றைப் போர்த்திய மையலின் என்ற கொழுப்பு உறையும் சேர்ந்தது அது. வெளுப்பு அந்தக் கொழுப்பின் நிறம். மூளையின் ஒரு பகுதி இன்னொன்றோடு பேசுவது இந்த இழைகள் வழியாகத்தான்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் இழைகளின் போக்கு தெரியாது. அதைக் கண்டறியும் முறையை 1994-ல் பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனிஸ் லெ பிஹான் மூவரும் வெளியிட்டார்கள். சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அசைபவை. தடையில்லாத இடத்தில் எல்லாப் பக்கமும் பரவும். நெருக்கமான இழைகளுக்கு நடுவே, வைக்கோல் கட்டில் ஊற்றிய நீர்போல, நீளவாக்கில் போகும். அந்தப் போக்கை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக்குகிறார்கள்.

எண் குறைந்தால் மையலின் மெலிந்திருக்கலாம், இழைகள் குறைந்திருக்கலாம். இரண்டு கட்டுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் கோளாறே இல்லாமலும் குறையும். ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தாலும் கணக்கு பிசகும். பத்திரிகைகளில் வரும் வண்ண வண்ண நரம்புப் படங்கள் புகைப்படங்கள் அல்ல, கணக்கிலிருந்து வரைந்தவை.

எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆய்வு 2020-ல் வெளியானது. மனச்சோர்வு நோயாளிகள் 1,305 பேர், நோயில்லாதவர்கள் 1,602 பேர். வயது 12 முதல் 88 வரை. வயதுவந்த நோயாளிகளுக்கு, ஆராய்ந்த 25 இழைக் கட்டுகளில் 16-ல் அந்த எண் குறைந்திருந்தது. இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் வித்தியாசம் கூடுதல். திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களிடமே இது தெளிவாகத் தெரிந்தது. வளரிளம் பருவத்தினரிடம் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது, சராசரியில் மட்டும் தெரிவது. நோயாளிகளின் எண்களும் மற்றவர்களின் எண்களும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒருவரின் படத்தை மட்டும் வைத்து அவருக்கு மனச்சோர்வு என்று யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவேண்டியதில்லை. நோயால் இழை மெலிந்ததா, மெலிந்ததால் நோய் வந்ததா என்பதும் ஒருமுறை எடுத்த படத்தில் தெரியாது.

முதியவர்கள் கதை வேறு. ரத்த அழுத்தத்தால் நுண்குழாய்கள் பழுதாகி வெண்பொருளில் திட்டுகள் விழுந்தால், வழக்கமான எம்.ஆர்.ஐ.யிலேயே அவை தெரியும். முதுமையில் வரும் மனச்சோர்வோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு.

இழைப்படம் இப்போதைக்கு உதவுவது நோயறிதலில் அல்ல, சிகிச்சையில். மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு மூளைக்குள் மின்முனை பதிக்கும் முறையை ஹெலன் மேபெர்க் குழு 2005-ல் ஆறு பேரிடம் சோதித்து வெளியிட்டது. பலன் பெற்றவர்களுக்கு மின்தூண்டல் நான்கு இழைக் கட்டுகளைத் தொட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அதன்பின் ஒவ்வொருவரின் இழை வரைபடத்தைப் பார்த்தே மின்முனையின் இடத்தை முடிவுசெய்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் ஓராண்டு முடிவில் 11 பேரில் 9 பேருக்குப் பலன் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது.