வயர்லெஸ் மவுஸ் வாங்கப் போறீங்களா? டிபிஐ நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க... கவனிக்க வேண்டியது இதைத்தான்!

பகல் முழுக்க எக்செல் ஷீட், மெயில், ஆன்லைன் மீட்டிங். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் வாலரன்ட், ஜிடிஏ அல்லது மைன்கிராஃப்ட். இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வயர்லெஸ் மவுஸ் போதும் என்று தேடுபவர்கள்தான் இன்று அதிகம்.

தேடிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு பெரிய டிபிஐ நம்பர், ஏழு கலரில் மின்னும் லைட், "கேமிங்" என்ற வார்த்தை, விலை சில நூறு ரூபாய். வாங்கி வந்து மாட்டினால் முதல் வாரம் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் ஒருநாள் கேமில் எதிரி கண் முன்னாடி நிற்கும்போது கர்சர் அப்படியே உறைந்து நிற்கும். அல்லது ஒரு முறை கிளிக் செய்தால் ரெண்டு முறை கிளிக் ஆகும். அல்லது மணிக்கட்டில் வலி ஆரம்பிக்கும். இந்த மூன்றில் எதற்கும் டிபிஐ நம்பருக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

டிபிஐ என்றால் என்ன?

மவுஸை மேசையில் ஒரு அங்குலம் நகர்த்தினால், சென்சார் அதை எத்தனை புள்ளிகளாக எண்ணும் என்பதுதான் டிபிஐ. சாதாரண ஃபுல் எச்டி திரையின் அகலம் 1920 பிக்சல். 800 டிபிஐ வைத்தால், திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக மவுஸை சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600 வைத்தால் 3 சென்டிமீட்டர் போதும். 4கே மானிட்டர் என்றால் இதைப் போல இரண்டு மடங்கு.

இப்போ 12,000 டிபிஐ என்பதை யோசித்துப் பாருங்க. கை ஒரு அங்குலம் நகர்ந்தால் கர்சர் ஆறு திரை அகலம் தாண்டிப் போய்விடும். யாருக்கு இது வேணும்? போட்டிகளில் ஆடும் ஷூட்டிங் கேம் வீரர்கள்கூட பெரும்பாலும் 400 முதல் 1600 டிபிஐக்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் 800, 1600 என்று மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தால் நமக்குத் தாராளம். நல்ல சென்சார் என்றால் மவுஸை வேகமாக இழுத்தாலும் கணக்கு தப்பாமல் இருக்க வேண்டும். அது பெட்டியில் உள்ள பெரிய நம்பரில் தெரியாது.

இன்னொன்று. விண்டோஸின் மவுஸ் செட்டிங்ஸில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" என்று ஒரு வசதி இருக்கும். இது ஆன் ஆகி இருந்தால், கையை நகர்த்தும் வேகத்தைப் பொறுத்து கர்சர் போகும் தூரமும் மாறும். ஆபீஸ் வேலைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கேமில் குறி வைக்கும்போது கைக்குப் பழக்கமே வராது. புது மவுஸ் வாங்கும் முன் இதை ஆஃப் செய்து பார்த்தாலே சிலருக்குப் பழைய மவுஸ் போதும் என்று ஆகிவிடும்.

எல்லா வயர்லெஸ்ஸும் ஒன்று அல்ல

பலர் கோட்டை விடுவது இங்கேதான். "வயர்லெஸ்" என்ற ஒரே வார்த்தைக்குள் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் சின்ன டாங்கிளோடு வருவது. இன்னொன்று புளூடூத். ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. வீட்டு வைஃபையும், சமையலறை மைக்ரோவேவ் அவனும்கூட அதே இடத்தில்தான் இருக்கின்றன. வித்தியாசம் பேசும் முறையில் இருக்கிறது.

மவுஸ் ஒரு நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது என்பதை போலிங் ரேட் என்கிறார்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. கேமிங்குக்கென்று செய்த டாங்கிள் மவுஸ்கள் 1000 ஹெர்ட்ஸில் ஓடும். புளூடூத் மவுஸ்கள் பொதுவாக 125 அல்லது அதற்கும் கீழே.

மெயில் டைப் செய்யும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஷூட்டிங் கேமில் தெரியும். அதுவும் லேப்டாப்பில் புளூடூத் ஹெட்செட்டையும் மாட்டிக்கொண்டு ஆடினால், ஒரே ரேடியோவை ரெண்டு பேரும் பங்கு போட வேண்டியிருக்கும். அப்போது கர்சர் திக்கித் திக்கி நகர வாய்ப்பு அதிகம்.

அதற்காக டாங்கிள் இருந்தாலே கேமிங் மவுஸ் என்று நினைத்துவிட வேண்டாம். மலிவான ஆபீஸ் மவுஸ்களில் டாங்கிள் இருந்தாலும் அவை 125 ஹெர்ட்ஸ்தான். பெட்டியில் "1000 ஹெர்ட்ஸ்" அல்லது "1 எம்எஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்க. இப்போது 8000 ஹெர்ட்ஸ் மவுஸ்களும் விற்கிறார்கள். பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களுக்கு அது தண்டச்செலவு. பேட்டரியையும் சீக்கிரம் குடித்துவிடும்.

புளூடூத்தால் லாபமே இல்லையா? இருக்கிறது. யுஎஸ்பி போர்ட் மிச்சம். டேப்லெட், போனோடும் இணைக்கலாம். டாங்கிள் தொலையும் பயம் இல்லை. ஆனால் பல டெஸ்க்டாப்களில் புளூடூத்தே இருக்காது. விண்டோஸ் மறுபடி இன்ஸ்டால் செய்யும்போதும், பயாஸ் திரையிலும் புளூடூத் மவுஸ் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த நேரத்துக்கு ஒரு பழைய வயர் மவுஸை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

ரெண்டும் வேண்டும் என்பவர்களுக்காகவே டாங்கிள், புளூடூத், டைப்-சி கேபிள் மூன்றிலும் ஓடும் மவுஸ்கள் வருகின்றன. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மவுஸ் என்றால் இந்த வகைதான் வசதி.

மவுஸ் கெட்டுப்போகல... டாங்கிள் இருக்கும் இடம் தப்பு!

இதைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க. உங்க 2,000 ரூபாய் மிச்சமாகலாம்.

கர்சர் விட்டு விட்டு நகர்ந்தால் முதலில் டாங்கிள் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்க. பக்கத்தில் பென் டிரைவோ, வெளி ஹார்டு டிஸ்கோ மாட்டியிருக்கிறதா? யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் டேட்டா அனுப்பும்போது கிளப்பும் ரேடியோ இரைச்சல், சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளின் உள்பக்கம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

தீர்வு ரொம்ப சிம்பிள். டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்க. முடியாவிட்டால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேல், மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்க. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் டாங்கிளை சிபியுவின் பின்பக்கம் சொருகிவிட்டு, மேசைக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். சிக்னல் அந்த இரும்புப் பெட்டியைச் சுற்றி வரணும். பிறகு மவுஸைத் திட்டி என்ன பயன்?

டாங்கிள் தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்க. மலிவான மவுஸ்களில் டாங்கிளும் மவுஸும் ஒரே ஜோடி. ஒன்று தொலைந்தால் இன்னொன்று குப்பை. லாஜிடெக்கின் யூனிஃபையிங், லாஜி போல்ட் போன்ற டாங்கிள்களைத் தனியாக வாங்கி மறுபடி இணைக்க முடியும். ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள் வரை சேர்க்கலாம். எந்த மவுஸாக இருந்தாலும், டாங்கிளை உள்ளே வைத்து மூட ஒரு குழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. பையில் போட்டு எடுத்துப் போகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2016ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், பல பிராண்டுகளின் டாங்கிள் மவுஸ்களில் இருந்த ஓட்டையை வெளியிட்டது. தள்ளி நிற்கும் ஒருவர், நாம் டைப் செய்வதைப் போலவே நம் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்ப முடியும் என்பதுதான் பிரச்சினை. பழைய மவுஸை இன்னும் ஆபீஸில் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்தப் பிராண்டின் இணையதளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

உங்க கைக்குப் பொருந்துமா?

செருப்பை காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? தினமும் எட்டு மணி நேரம் பிடிக்கும் மவுஸை மட்டும் போட்டோ பார்த்து வாங்குகிறோம்.

சிலர் உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் படிய வைப்பார்கள். அவர்களுக்கு முதுகு உயர்ந்த, கொஞ்சம் பெரிய மவுஸ் வேண்டும். சிலர் விரல்களை நகம் போல வளைத்துப் பிடிப்பார்கள். சிலர் விரல் நுனியால் மட்டும் நகர்த்துவார்கள். இவர்களுக்கு சின்னதாக, எடை குறைந்ததாக இருப்பது நல்லது. பயணத்துக்கென்று விற்கும் தட்டையான குட்டி மவுஸைப் பெரிய கைக்காரர் நாள் முழுக்கப் பிடித்தால், கை சுருங்கி மணிக்கட்டு வலிக்கத்தான் செய்யும். இடது கைக்காரர்கள், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் போய், டிஸ்ப்ளேவில் இருப்பதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். வெளியூர் என்றால் நண்பரின் மவுஸ், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மவுஸ் என்று நாலைந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எது சுகமாக இருந்ததோ அதன் நீளம், உயரத்தை ஆன்லைனில் ஒப்பிட்டுப் பாருங்க.

பேட்டரி: மாற்றுவதா, சார்ஜ் போடுவதா?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரியில் ஓடும் மவுஸ், கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் தீர்ந்தால் பத்து செகண்டில் மாற்றிவிடலாம். உள்ளேயே பேட்டரி உள்ள மவுஸை கேபிளில் மாட்டிக்கொண்டே ஆடலாம். சில ஆண்டுகளில் அந்த பேட்டரி பலம் குறைந்தால், மாற்றுவது சிரமம். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் சார்ஜ் போர்ட் வயிற்றுப் பக்கம் இருப்பதால், சார்ஜ் ஏறும்போது மவுஸைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு சும்மா உட்கார வேண்டியதுதான்! சார்ஜ் வகை வாங்குவதாக இருந்தால் போர்ட் முன்பக்கம் இருக்கிறதா, டைப்-சியா என்று பாருங்க.

ஊருக்குப் போய் ரெண்டு மாதம் மவுஸைத் தொடப் போவதில்லை என்றால் ஏஏ பேட்டரியைக் கழற்றி வையுங்க. கசிந்தால் உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும். கலர் லைட்டும் பேட்டரிக்கு எமன்தான்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

ஆபீஸ் வேலை மட்டும், எப்போதாவது ஒரு செஸ், சாலிடேர் என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல பிராண்டின் சாதாரண மவுஸே போதும். ராத்திரி குழந்தை தூங்கும் வீடு என்றால் சத்தம் வராத சைலன்ட் கிளிக் மவுஸ் வாங்கலாம். ஷூட்டிங் கேம் ஆடுபவர்களுக்கு அந்த மெத்தென்ற கிளிக் பிடிக்காமல் போகலாம்.

ஷூட்டிங் கேம் ஆட வேண்டும், ஆனால் பட்ஜெட் ஆயிரம்தான் என்றால்? யோசிக்காமல் வயர் மவுஸ் வாங்குங்க. அந்த விலையில் "வயர்லெஸ் கேமிங்" என்று வருவதை விட அது நன்றாக இருக்கும்.

வேலை, விளையாட்டு ரெண்டுக்கும் என்றால் 3,000 ரூபாயை ஒட்டி ஒதுக்கலாம். உதாரணத்துக்கு, இந்தியாவில் லாஜிடெக் ஜி304 என்று விற்கும் மவுஸ் (வெளிநாடுகளில் ஜி305) ஒரே ஒரு ஏஏ பேட்டரியில், 1 மில்லிசெகண்ட் வேகத்தில் சுமார் 250 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. எடை பேட்டரியோடு 99 கிராம். அதில் புளூடூத் கிடையாது. டேப்லெட்டோடும் இணைக்க வேண்டும் என்பவர்கள், அதே விலை வட்டத்தில் மூன்று வழியிலும் இணையும் வேறு மவுஸைத்தான் பார்க்க வேண்டும். 5,000க்கு மேல் போகும் கேமிங் மவுஸ்களில் பெரும்பாலும் எடை குறையும். ராத்திரி ஒரு மணி நேர கேமுக்கு அது தேவையில்லை.

வாங்கிய உடனே இதைச் செய்யுங்க

பில்லை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. மவுஸின் கிளிக் பட்டனுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச், உலோகத் தகடு தொட்டு விலகி வேலை செய்வது. நாள்பட அது தேய்ந்தால்தான் ஒரு கிளிக் ரெண்டாகும். ஒரு ஃபைலை நகர்த்தினால் பாதி வழியில் கீழே விழுவதும் இதனால்தான். வாரண்டிக்குள் இருந்தால் மாற்றித் தருவார்கள். அதற்கு பில் வேண்டும்.

கண்ணாடி மேசையில் வைத்து "ஓடவே இல்லை" என்று திருப்பி அனுப்பாதீங்க. சாதாரண சென்சாருக்குக் கண்ணாடி தெரியாது. ஒரு மவுஸ் பேட் போட்டால் சரியாகிவிடும். பேட் மேல் வைத்து, முதல் ரெண்டு நாள் கேமும் ஆடிப் பாருங்க. ஃபோல்டர் ஒன்றை ஐம்பது முறை ஒற்றைக் கிளிக் செய்து, ஒரு தடவையாவது தானாகத் திறக்கிறதா என்று பாருங்க. ஸ்குரோல் வீலை மெதுவாகக் கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறதா என்றும் பாருங்க. இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்க.