இசைத்தட்டை இசைக்கருவியாக்கிய கலைஞர்

இசையை ஆக்குவோர், இசைப்போர், கேட்டு இன்புறுவோர் என இசையுலகத்தார் மூவகைப்படுவர். இசைத்தட்டும் அதனைச் சுழற்றும் பொறியும் கேட்போர்க்கென அமைந்தவை; இசைப்போர்க்குரியவை அல்ல என்பதே நெடுங்காலக் கொள்கை. இக்கொள்கை 1970ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் மாநகரின் வறிய பகுதியொன்றிலே தகர்ந்தது. அதனைத் தகர்த்தோருள் முதன்மையான ஒருவர், கிராண்ட்மாஸ்ரர் பிளாஷ் எனும் பெயரால் உலகறிந்த யோசேப் சாட்லர் ஆவார்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசின் பிரிட்ஜ்ரவுண் நகரில் 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் பிறந்த சாட்லர், நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியிலே வளர்ந்தார். தந்தையார் இசைத்தட்டுக்களை அரிதின் தேடிச் சேர்த்தவர். அவற்றைப் பிள்ளைகள் தீண்டலாகாது என்பது அவர்தம் கட்டளை. விலக்கிய பொருள்மீதே சிறுவரின் நாட்டம் சென்றது. வீட்டிலுள்ள மின்பொருள்களைக் கழற்றி, அவை இயங்குமாற்றை ஆராய்தலும் அவர் இயல்பாயிற்று. இவ்வியல்பினர்க்கு, சாமுவேல் கொம்பேர்ஸ் தொழிற்பாடசாலையிற் கற்ற மின்னியல் பிற்காலத்திற் பெரிதும் கைகொடுத்தது.

ஹிப் ஹொப் எனப்படும் கலை அக்காலத்திலேதான் அரும்பியது. யமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்பார், 1973ஆம் ஆண்டு ஓகஸ்ற் 11ஆம் நாள் புரொங்சில் நடந்த விருந்தொன்றில் இசைத்தட்டுக்களை இயக்கியதை அதன் தோற்றமாகக் கொள்வர். பாடல்களின் இடையே குரல் ஓய்ந்து முழவொலி தனித்தொலிக்கும் சிறுபகுதியையே ஆடுவோர் பெரிதும் விரும்புவதை ஹேர்க் உணர்ந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாறிமாறி ஒலிக்கச் செய்து, அப்பகுதியை அவர் நீட்டினார். ஆயின், ஊசியைக் கண்மதிப்பாற் கிளப்பி வைத்தமையால் ஒன்றன் தாளம் மற்றதனோடு இசையாது பிறழ்ந்தது.

இப்பிறழ்வை நீக்குதலே இளைஞர் சாட்லர் மேற்கொண்ட ஆராய்ச்சி. ஊசியைத் தூக்குவதை விடுத்து, இசைத்தட்டின் மேற்பரப்பிலேயே விரல் பதித்து அதனைப் பின்னோக்கிச் சுழற்றினார். இசைத்தட்டிற் கை படுதல் பெருங்குற்றமென எண்ணிய காலம் அது. முழவுப்பகுதி தொடங்கும் இடத்தை மெழுகு வண்ணக்கட்டியாற் கோடிட்டுக் கொண்டார். மணிக்கூட்டு முகத்தை நோக்குவார் போல அக்கோட்டை நோக்கி, எத்தனை சுற்றுப் பின்செல்ல வேண்டுமெனக் கணித்தார். பொறி முன்னோக்கிச் சுழலும்போதே இசைத்தட்டு மட்டும் தடையின்றிப் பின்செல்லுமாறு, துணிவட்டமொன்றைக் கஞ்சியிட்டு விறைப்பாக்கி இடையிலே வைத்தார். சபையோர் ஓர் இசைத்தட்டைக் கேட்குங்கால் தாம் மற்றதனைத் தனித்துக் கேட்டற்கென ஆளியொன்றையும் அமைத்தார். இவற்றால், சில விநாடிப் பகுதி தாளம் தப்பாது வேண்டுமளவு நீண்டது.

முதன்முறை இதனைச் சபையிற் காட்டியபோது ஒருவரும் ஆடிற்றிலர். வியந்து நோக்கி வாளா நின்றனர். கையின் திறம் மட்டும் சபையை ஈர்க்காது என்பதையும், அதற்குக் குரலின் துணை வேண்டும் என்பதையும் சாட்லர் அன்று உணர்ந்தார். ஒலிவாங்கி ஏந்தித் தாளத்திற்கிசைய எதுகைபடப் பேசும் கவ்போய், மெலி மெல், கிட் கிரியோல், ஸ்கோர்ப்பியோ, றஹீம் ஆகிய ஐவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். 1981இல் வெளியான ‘வீல்ஸ் ஒவ் ஸ்ரீல்’ எனும் பதிவு, பிறர் பாடல்களின் பகுதிகளைக் கொண்டே சாட்லர் மூன்று பொறிகளில் யாத்த புத்திசையாகும். இசைத்தட்டும் ஓர் இசைக்கருவியே என்பதற்கு அஃது அழியாச் சான்று.

எனினும், அடுத்த ஆண்டில் நேர்ந்தது சிந்திக்கற்பாலது. 1982இல் வெளிவந்த ‘த மெசேஜ்’ எனும் பாடல் நகர்ப்புற வறுமையின் கொடுமையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. களியாட்டத்திற்கே உரியதெனக் கருதப்பட்ட கலை, சமூகத்தின் துயரையும் உரைக்கும் ஆற்றலுடையதென நிறுவியது. அதனை எழுதிப் பாடியோருள் முதன்மையானோர் டியூக் பூற்றி, மெலி மெல் ஆகிய இருவர். குழுவின் பெயர் தாங்கிய அப்பதிவின் இசையிலே சாட்லரின் கைவண்ணம் இடம்பெறவில்லை. அவரைப் பெரும்புகழுக்கு உரியவராக்கிய பாடல் அவர் கைபடாத பாடலே! வாசிக்கும் கருவிகளைக் கொண்டே ஒலிப்பதிவு கூடங்களில் தாளம் அமைத்த காலத்தில், இசைத்தட்டாளரின் பங்கு சுருங்கியமையே இதற்குக் காரணம். பின்னர், ஊதியம் பற்றியும் பெயருரிமை பற்றியும் பதிவு நிறுவனத்தோடு அவருக்கு வழக்கு உண்டாயிற்று, குழுவும் பிரிந்தது. தம் பெயரை வழங்கும் உரிமையை அவர் நிலைநாட்டிக் கொண்டார்.

காலம் தீர்ப்பு வழங்கப் பின்னிற்கவில்லை. 2007இல் அமெரிக்க றொக் இசைப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் ஹிப் ஹொப் குழு என்னும் பெருமை சாட்லர் குழுவினர்க்குக் கிட்டியது. 2019இல் சுவீடனின் போலார் இசைப் பரிசு, வயலின் மேதை ஆன் சோபி முற்றருக்கு வழங்கப்பட்ட அதே ஆண்டில் சாட்லருக்கும் வழங்கப்பட்டது. நரம்பிசைத்த விரலும் தட்டைத் திருப்பிய விரலும் ஒரே அவையிற் சிறப்பெய்தின.

பாடியவர் பெயரை உலகம் எளிதில் அறியும்; பாட்டிற்கு நிலைக்களமான தாளத்தை அமைத்தவரை அறிதற்குக் காலம் செல்லும். வறியோர் வாழ்ந்த தெருவிலே, தொழிற்பாடசாலைக் கல்வியையும் கூர்த்த செவியையும் முதலாகக் கொண்டு ஓர் இளைஞர் புதியதொரு கலைக்கு இலக்கணம் வகுத்தார். கற்ற கல்வி சிறிதாயினும், அதனைத் தாம் விரும்பும் துறையிற் பொருத்திப் பார்ப்போர்க்கே புதுமை கைகூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.